காகிதத்தில் ஒட்டியிருக்கும் மதம்

கடவுள் இல்லை என்று ஃபேஸ்புக்கில் பக்கம் பக்கமாக வாதாடுகிறவர்களில் பலர் சட்டத்தின் கண்ணுக்குப் பக்கா இந்துக்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் ஆகிய நால்வரில் சேராதவர்களைப் பெரும்பாலும் இந்துக்களாகவே எடுத்துக்கொள்கிறது 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். கோயில் வாசலை மிதிக்காதது அங்கே கணக்கில் வராது. மதத்தின் பிடி தளர வேண்டும் என்று நினைக்கிற நாத்திகர் முதலில் தன் வீட்டுக் கல்யாணம், பள்ளிக்கூடம், சாவு ஆகியவற்றின் காகிதங்களைச் சரிபண்ணட்டும்.

புரோகிதர் இல்லாத கல்யாணத்துக்குத் தமிழ்நாட்டில் வழி எளிது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. இந்துத் திருமணச் சட்டத்தில் அண்ணா ஆட்சி சேர்த்து, 1968 ஜனவரியில் நடைமுறையான 7ஏ பிரிவு அதை மாற்றியது. முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், ‘இவரைத் துணையாக ஏற்கிறேன்’ என்று இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். ஊரறிய நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. சிக்கல் வருவது பதிவில்தான். கோயில் ரசீது இருக்காது என்பதால் அழைப்பிதழ், படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும்.

இருவரும் சட்டப்படி இந்துக்களாக இருந்தால்தான் 7ஏ. மதம் வேறு என்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். ஆட்சேபத்துக்கு 30 நாள். பெண் வீட்டார் வந்து ரகளை செய்வது இந்த இடைவெளியில்தான். வயது, ஏற்கெனவே உயிரோடுள்ள துணை, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை தவிர வேறு ஆட்சேபம் செல்லாது. ‘வேற மதம் சார்’ என்பது காரணமே ஆகாது. அதிகாரி தயங்கினால் 4ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் புது நோட்டீஸ். கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள்.

முஸ்லிமாகப் பிறந்த நாத்திகருக்கு இந்தச் சட்டம் இன்னொரு வகையிலும் உதவும். இஸ்லாமிய வாரிசுமுறைப்படி, மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மகள் மட்டும் இருந்தால் ஒரு பகுதி இறந்தவரின் சகோதரர்களுக்குப் போகும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடும். மூன்று மகள்களுக்கும் சொத்து முழுதும் சேர வேண்டும் என்று கேரளத்து வழக்கறிஞரும் நடிகருமான ஷுக்கூர், ஏற்கெனவே நடந்த தன் திருமணத்தை 2023 மார்ச் 8 அன்று இப்படித்தான் மறுபடி பதிந்தார். மேடைப் பேச்சுகள் பலவற்றைவிட இது பெரிய காரியம்.

பள்ளிச் சான்றிதழில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெற்றோர் விரும்பினால் மாற்றுச் சான்றிதழில் சாதி, மதம் இல்லை என்று எழுதலாம், அல்லது வெற்றாக விடலாம் என்ற தமிழக அரசாணை 1973இலிருந்தே இருக்கிறது. தலைமை ஆசிரியருக்கு அது தெரியாமல் இருக்கும்; நகலோடு போங்கள். ஆனால் சாதிச் சான்று இல்லாத பிள்ளை 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு வெளியே நின்று, பொதுப்போட்டியில் மோத வேண்டும். பெரியார் கடவுளை மறுத்தார். வகுப்புவாரி உரிமையைக் கடைசிவரை விடவில்லை. பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளையின் உரிமையை அப்பாவின் கொள்கைக்காக அடகு வைப்பது எனக்கு உடன்பாடில்லை. வேண்டுமானால் பதினெட்டு வயதுக்குப் பிறகு பிள்ளையே முடிவு செய்யட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த இழப்பு கிடையாது. கேட்க வருகிறவர் பெயரைப் பார்த்து அவராகவே ‘இந்து’ என்று போடாமல், ‘மதமில்லை’ என்று பதியச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொள்கை அதிகம் தோற்கிற இடம் சாவு வீடு. ஆயுள் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்டவருக்கும் மச்சான்மார்கள் நீர்மாலைச் சடங்கு நடத்திவிடுவார்கள். உடல்தானம் செய்ய நினைத்தால் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, சாட்சிகளோடு கையெழுத்திட்டு, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். அதைவிட முக்கியம், சாட்சிக் கையெழுத்தை மனைவியும் பிள்ளைகளுமே போடுவது. குடும்பத்தில் ஒருவர் மறுத்தாலும் கல்லூரிகள் பின்வாங்கும். கேரள மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம்.லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தபோது, உடல் மருத்துவக் கல்லூரிக்கு என்றார் மகன். கிறிஸ்தவ முறையில் அடக்கம் என்றார் மகள். வாய்மொழியாகச் சொன்ன விருப்பத்தைச் சாட்சிகளை வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது; தானம் செல்லும் என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்னதில் தலையிட அது 2025 ஜனவரியில்தான் மறுத்தது. அதுவரை உடல் பிணவறையில்.

பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி போன்ற தொற்றுள்ள உடலையும் பொதுவாக வாங்க மாட்டார்கள். அப்படியானால் மின்மயானம் என்று படிவத்தோடு இன்னொரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். கண்தானம் என்றால், இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்துவிட்டு முதல் போனைக் கண் வங்கிக்குப் போடுங்கள். உறவுக்காரர்களுக்கு அடுத்த போன்.