கரி போடாத இஸ்திரிப் பெட்டி

வடபழனியிலும் சாலிகிராமத்திலும் பன்னிரண்டு வருடமாக டப்பிங் பேசிப் பிழைப்பவள் நான். இந்தி சீரியல் மாமியார்கள், வில்லிகள், ஆள் கிடைக்காத நாளில் பத்து வயதுப் பையன்கள். இருட்டறையில் மைக் முன்னால் நின்று, திரையில் யாரோ ஒருத்தி அழுதால் அவள் உதட்டுக்கு என் அழுகையைப் பொருத்துவேன். அதனால் மேல்நிலை நடிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது குரலைப் பற்றிக் கவலையே படவில்லை. உடம்புதான் எப்படி வளையுமோ என்று பயந்தேன்.

சேர்க்கைத் தேர்வில் இரண்டு நிமிடம் தனியாக நடித்துக் காட்ட வேண்டும். முடித்ததும் ஆசிரியர் எழுந்து (அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம்) ஹாலின் கடைசிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். "இப்ப மறுபடி பண்ணுங்கம்மா." பண்ணினேன். "உங்க குரல் மூணாவது வரிசையிலேயே இறங்கிடுச்சு" என்றார், ஏதோ பஸ் ஸ்டாப்பில் இறங்கியதைச் சொல்வது போல.

யோசித்தால் அதில் ஆச்சரியமில்லை. மைக்குக்கும் என் வாய்க்கும் நடுவே ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணுக்காகவே பன்னிரண்டு வருடம் பழகிய குரல் இது. கிசுகிசுத்தாலும் மைக் ஏந்திக்கொள்ளும். எப்படியோ இடம் கொடுத்தார்கள். ஒன்பது மாதம், வாரத்தில் ஐந்து நாள் மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, ஞாயிறு காலை முழுக்க. இரவு கால்ஷீட்டுகள் பாதி போயின. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் வசனமே கிடையாது. எந்த உணர்ச்சியும் காட்டாத முகமூடியை மாட்டிக்கொண்டு நடப்பது, உட்காருவது, தூரத்தில் போகிற கப்பலுக்குக் கையசைப்பது. பாரிஸில் ழாக் லெகாக் தன் பள்ளியில் கற்றுக்கொடுத்த வழி அது. முகம் மறைந்ததும் சார் கவனித்தது என் தோள்களை. இரண்டும் ஏறி ஏறக்குறைய காதைத் தொட்டுக்கொண்டிருந்தனவாம். மைக் ஸ்டாண்டுக்கு ஏற்றபடி வருடக்கணக்காகக் குறுகி நின்றதில் வந்த கூன் அது. அதை இறக்கவே ஆறு வாரம் ஆனது. இன்னமும் டென்ஷனானால் ஏறிக்கொள்கிறது.

அப்புறம் அந்தத் 'திருப்பிச் சொல்லும்' பயிற்சி. அமெரிக்க ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் உருவாக்கியது. இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் எதிரே இருப்பவரிடம் கண்ணால் கண்டதைச் சொல்ல, அவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப, ஏதாவது மாறும்வரை. தமிழில் செய்யும்போது இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மரியாதை குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்தெட்டு. என் அப்பாவின் சாயல் வேறு.

"நீங்க கால ஆட்டுறீங்க."

"நான் கால ஆட்டுறேன்."

"நீங்க கால ஆட்டுறீங்க."

மூன்று நாள் இப்படியே ஓடியது. பட்டிமன்ற மேடையில் மாலை போட்டுக்கொள்வது போல ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தோம். நாலாம் நாள் சார் என் பின்னால் வந்து நின்று, "அந்த 'ங்க'வுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறீங்க" என்றார். எச்சிலை விழுங்கிவிட்டு, "நீ கால ஆட்டுறே" என்றேன். அவர் கால் சட்டென்று நின்றது. காது மடல் சிவந்தது. "நான் கால ஆட்டுறேன்" என்று அவர் சொன்னதில் நிஜமான எரிச்சல் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் எனக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்தப் பயிற்சியில் அன்றுதான் உறைத்தது. டப்பிங்கில் எனக்கு எதிரே இருப்பது திரை. அது என்றோ எடுத்து முடித்தது, நான் எப்படிச் சொன்னாலும் அதன் காது சிவக்காது. இடைவேளையில் டீ வாங்கிக் கொடுத்து "சாரி அங்கிள்" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். அதற்குப் பிறகு என் எதிரில் அவர் காலாட்டியதே இல்லை.

வசனத்துக்கு வந்தபோது ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு வினைச்சொல் எழுதச் சொன்னார். பாத்திரத்துக்கு இந்த நொடியில் என்ன வேண்டும், அதற்காக அது எதிராளியை என்ன செய்கிறது? மாஸ்கோவில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தன் நடிகர்களைத் துளைத்த கேள்வி இதுதான். 'சோகமாக' என்று எழுதினால் அடித்துவிடுவார். கெஞ்சு, மழுப்பு, குத்திக்காட்டு, தாஜா பண்ணு, நோட்டம் விடு, வாயை அடை. இந்த விஷயத்தில் தமிழில் பஞ்சமே இல்லை. எனக்குத்தான் சிரமம். "கொஞ்சம் சோகம் ஏத்துங்க மேடம்" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இன்ஜினியர் சொன்னால், ரசத்துக்கு உப்புப் போடுவது போல ஏற்றிப் பழகியவள் நான்.

குரலுக்கு வழி காட்டியவர், வகுப்பில் குரல் என்ற பேச்சையே எடுக்காத ஒருவர். செய்யாறு பக்கத்திலிருந்து தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர் பத்து நாள் வந்து அடவு சொல்லிக்கொடுத்தார். குதித்துச் சுழன்றுகொண்டே பாட வேண்டும். மூச்சு இரைக்கும்போது தொண்டையை நெருக்கி அழகாகப் பேச வழியே இல்லை. வயிற்றிலிருந்து வந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. "விடிய விடிய ஆடணும்மா, தொண்டையில பாடுனா பத்து மணிக்கே படுத்துடும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே விளக்கம். எட்டாம் நாள் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழகாக இல்லை. ஆனால் கடைசிச் சுவர் வரை போனது.

அந்த வாரக் கடைசியில் எங்களை எழும்பூர் மியூசியம் தியேட்டருக்கு நாடகம் பார்க்க அழைத்துப் போனார் சார். 1896-இல் கட்டிய அரங்கம், மைக் என்ற சமாச்சாரம் நாடகத்துக்குள் வருவதற்கு முந்தையது. இருக்கைகள் அரைவட்டமாகப் படிப்படியாக மேலேறிப் போகும். நாடகம் தொடங்குமுன் மேல்வரிசையில் உட்கார வைத்து, மேடையில் நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் பேசுவதைக் கேட்கச் சொன்னார். "டீ சொல்லிட்டியா?" "சொல்லல, நீ சொல்லு." பக்கத்து இருக்கையில் பேசுவது போலக் கேட்டது. கத்தவும் இல்லை. அன்றைய நாடகம் சுமார்தான். அந்த டீ வசனம்தான் ஞாபகம் இருக்கிறது.

இறுதி நாடகத்துக்கு எழுதி வைத்த பிரதி எதையும் எடுக்க வேண்டாம், நாமே உருவாக்குவோம் என்று முடிவானது. ஒன்பது பேருமே சென்னைக்காரர்கள், ஒன்பது பேரிடமும் 2015 வெள்ளத்தின் கதை இருந்தது. டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த தண்ணீரோடு அடையாறு தெருக்களுக்குள் புகுந்த இரவு. ஜாபர்கான்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, அதில் ஒதுங்கிய ஒன்பது பேர். ஆறு வாரம் பிரதி இல்லாமல் பேசிப் பேசிப் பார்த்து, எழுதியதில் எழுபது பக்கம் வந்தது. அதை வெட்டி நாற்பதாக்கினோம். வெட்டுப்பட்டதில் என்னுடைய நீளமான அழுகை ஒன்றும் இருந்தது. இரண்டு நாள் சாரோடு சரியாகப் பேசவில்லை.

எனக்குக் கிடைத்தது இஸ்திரிக்காரப் பெண். தன் வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு, ஊரார் துணி மூட்டையையும் இஸ்திரிப் பெட்டியையும் மட்டும் தூக்கிக்கொண்டு மாடியேறியவள். பெட்டியில் மிச்சமிருக்கும் கனலில் எல்லோரும் கை நீட்டிக் குளிர் காய்வது நாடகத்தின் நடுக்காட்சி.

எங்கள் தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் அண்ணனிடம் போனேன். பக்கத்துத் தெருவில் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார்கள், இவர் இன்னும் கொட்டாங்குச்சிக் கரிதான். மூன்று வாரம் தினமும் காலை ஒரு மணி நேரம் வண்டியோரம் நின்றேன். துணியில் தண்ணீர் தெளிப்பது இடது கை. விரல் நுனியை உதறுவதில் துளிகள் மழைச்சாரல் மாதிரி பரவும். சூடு பார்க்க ஒரு சொட்டு விட்டு 'சுர்' சத்தத்தைக் கேட்பார், பெட்டியைப் பார்க்கக்கூட மாட்டார். எந்த வீட்டுத் துணி என்பதற்குச் சீட்டு கிடையாது. "இது பி பிளாக் வாத்தியார். காலர் மட்டும்தான் தேயும், அவர் எங்க வெயில்ல போறாரு?" அந்த வரியை அப்படியே நாடகத்தில் போட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டுதான்.

ஒத்திகையில் பெட்டி பெரிய தலைவலி. ஹாலில் நெருப்புக்கு அனுமதியில்லை. வெறும் பெட்டியைத் தூக்கினால் கை பொய் சொன்னது. ஜல்லிக்கல் போட்டோம், கடகடவென்று சத்தம். கடைசியில் துணிப்பையில் மணல் கட்டி உள்ளே வைத்து, மேலே ஆரஞ்சு நிறச் சீரியல் பல்பு. எடை கிட்டத்தட்டச் சரியாக வந்தது. மழைக்குப் பதிவு செய்த ஒலி வைத்திருந்தோம். ஸ்பீக்கரில் கேட்டால் அப்பளம் பொரிப்பது போல இருந்தது. முறத்தில் கேழ்வரகைப் போட்டு மெல்லச் சாய்த்தால் மழையே மழைதான். இரண்டு பேர் மாற்றி மாற்றி எண்பது நிமிடம் சாய்த்தார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சேர நினைப்பவர்களுக்கு உதவும். கட்டணத்திலேயே இறுதி நாடகச் செலவு அடங்கும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வாரம் இருக்கும்போது ஆளுக்கு நாலாயிரம் கேட்டார்கள். கட்டினோம், வேறு வழி? சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லைட்டோடு நடந்த ஒத்திகை ஏழு மணி நேரம். நடிப்பதற்கு ஒன்றுமில்லை, வெறுமனே நிற்க வேண்டும், யாரோ மேலே ஏணியில் விளக்கைத் திருப்புவார்கள். பழைய ஹாலஜன் விளக்கு என்றால் நெற்றியில் சூடு படுவதை வைத்தே வெளிச்சத்துக்குள் இருக்கிறோமா என்று தெரியுமாம். எல்இடியில் அந்தச் சூடே இல்லை. தரையில் ஒட்டிய டேப்பை நம்பினோம். அதைவிடப் பெரிய எதிரி ஏசி. அதன் உறுமலுக்கு மேலே என் குரல் போக வேண்டும். கடைசிக் கால் மணி நேரம் ஏசியை நிறுத்திவிடுவது என்று முடிவாகி, பார்வையாளர்களுக்கு வியர்த்தது.

இரண்டு காட்சிகள், சனியும் ஞாயிறும். சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் பதற்றத்தில் மூட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டேன். மேடையில் அவிழ்த்துத் துணியைப் பிரிக்க வேண்டிய இடம். அவிழவில்லை. நகம் உடைந்தது. பின் பக்கம் முறத்தில் மழை பெய்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரராக நடித்த வங்கி அங்கிள், தன் இடத்தை விட்டு எழுந்து வந்து, "விடு, நான் அவுக்கிறேன்" என்று மூட்டையில் கை வைத்தார். இது எங்கேயும் எழுதியதில்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது. "தொடாத! ஊரான் வீட்டுத் துணி!"

நாடகம் முழுக்க அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிடுபவள் நான். ஹால் அடங்கிப்போனது. அவர் கையை எடுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். எவ்வளவு நேரம் ஆனது தெரியவில்லை. குரல் எங்கே போனது என்ற நினைப்பே இல்லை. கடைசி வரிசையில் இருந்த என் தங்கை ஒரு வார்த்தை விடாமல் கேட்டது என்றாள்.

அதையே ஞாயிற்றுக்கிழமையும் வைத்துக்கொள்ளலாம் என்று வேண்டுமென்றே இறுக்கிக் கட்டினோம். சப்பென்று போனது. அவர் எழுந்து வருவார் என்று எனக்குத் தெரியும், நான் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை பார்க்க அண்ணனையும் கூப்பிட்டிருந்தேன். மனைவியோடு வந்திருந்தார். வெளியே நின்று எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருக்க, அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நல்லா இருந்துச்சு தங்கச்சி. ஆனா கரி போடாத பெட்டின்னு தெரிஞ்சுபோச்சு."

"எப்படிண்ணா? உள்ளே வெளிச்சம்கூட வெச்சிருந்தோமே?"

"வெளிச்சம் கெடக்கட்டும். மடியோட அணைச்சு வெச்சிருந்த பாரு. கனல் இருக்கிற பெட்டி வயித்துக்கிட்ட வந்தா ஒடம்பு தானா பின்னுக்குப் போவும். எங்கம்மா வயித்துல இன்னமும் தழும்பு இருக்கு."

ஞாயிறு காட்சியில் முடிச்சு சொதப்பினாலும் பெட்டியைச் சரியாகப் பிடித்தேன். கை தள்ளியே நின்றது, முதுகு தானாகப் பின்னால் சாய்ந்தது. குளிர் காய்கிற காட்சியில் கை நீட்டிய கடைசிப் பையன் நிஜமாகவே விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

மூட்டைக்காகப் பதினொரு வீட்டில் இரவல் வாங்கிய துணி அறுபத்து மூன்று உருப்படி. எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து, புதன்கிழமை அண்ணன் வண்டிக்கே கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கினார். எது எந்த வீடு என்று நான் வாயைத் திறக்குமுன்பே பாதியை அவரே சொல்லிவிட்டார். உருப்படிக்குப் பத்து ரூபாய் வீதம் அறுநூற்று முப்பது கேட்டார். நடிகை என்று பார்க்கவில்லை, தங்கச்சி என்றும் பார்க்கவில்லை. "சாயங்காலம் வா" என்றார்.