கோணவட்டத்துக் குதிரையும் என் சைக்கிளும்

அன்று செவ்வாய்க்கிழமை என்பதை மறந்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு வேலூர்க் கோட்டை வாசலில் சைக்கிளை எடுக்கும்போது, விரிஞ்சிபுரம் போய் சாமி கும்பிட்டுவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம் என்றுதான் கணக்கு. செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கையில் மாட்டுச் சந்தை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கோட்டை அகழியை ஒட்டிக் காலை நடைக்காரர்கள் வழக்கம்போல வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 133 ஏக்கர் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வருவதோடு இந்த ஊரின் நடை முடிந்துவிடுகிறது. இதை அப்படியே, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதையாக, பாலாற்றங்கரை வழியாக மேற்கே நீட்டினால் என்ன? ரொம்ப நாளாக மனதில் இருக்கிற கேள்வி. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கோணவட்டம் தாண்டி வலப்பக்கம் இறங்கினேன். கரையில் பாதை இருக்கிறதா என்றால் இருக்கிறது, இல்லையா என்றால் இல்லை. கொஞ்ச தூரம் டிராக்டர் தடம், அப்புறம் ஒற்றையடி, அப்புறம் சீமைக்கருவேலம். ஆற்றில் மணல்தான், நடுவில் ஒரு கோடு போல் ஈரம். நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்குள் 1981-ல் சாமி திரும்பிவிட்டார். ஆறு இன்னும் பாக்கி.

அங்கேதான் அந்தக் குதிரையைப் பார்த்தேன். வெள்ளைக் குதிரை, கயிற்றைப் பிடித்தபடி அறுபது வயதுக்காரர் ஒருவர். பின்னாலிருந்து வந்த நான், பக்கத்தில் போனதும் மணியை அடித்தேன். குதிரை துள்ளிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. நான் சைக்கிளோடு மணலில் விழுந்தேன்.

"தம்பி, அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் திட்டினார். "லாரி வந்தா தூரத்துலயே இவனுக்குத் தெரிஞ்சிடும். பேண்டு வாத்தியத்துக்கு நடுவுல மாப்பிள்ளைய சுமந்துகிட்டு நிக்கிறவன் இவன். சைக்கிள் சத்தமில்லாம வந்து முதுகுக்குப் பின்னாடி நிக்குது பாருங்க, அதான் ஆகாது. நேர் பின்னாடி இருக்கிறது குதிரைக்குத் தெரியாது."

"என்ன பண்ணணும் பாய்?"

"தூரத்துல இருந்தே குரல் குடுங்க. மனுசன் குரல் கேட்டா நின்னுடுவான்."

இதையே நான் இங்கிலாந்தில் வேலை பார்த்த இரண்டு வருடமும் கேட்டிருக்கிறேன். அங்கே குதிரைப் பாதை என்று சட்டப்படியே ஒன்று உண்டு. 1968-ல் வந்த சட்டம் சைக்கிளையும் அதில் அனுமதித்தது, ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் கைவிட்ட ரயில் தடத்தில் சுமார் 150 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு பாதை 2000-ல் திறந்தார்கள். இதையெல்லாம் சொன்னேன். பாய் அசரவில்லை.

"எங்கப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல ஜட்கா ஓட்டினவர். அப்போ இதெல்லாம் குதிரை வழிதான். பாதை போடட்டும். தார் மட்டும் போட வேணாம்னு சொல்லுங்க. லாடம் வழுக்கும், குளம்பும் போகும். ஒரு பக்கம் மண்ணா விட்டுடணும்."

யாரிடம் போய்ச் சொல்ல? இருந்தாலும் குறித்துக்கொண்டேன். என் கணக்கில் வழுவழுப்பான சிமென்ட் தளம்தான் இருந்தது, சைக்கிள்காரன் புத்தி. மண் தளத்துக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை நாம் பார்த்தோம். 1903 நவம்பர் வெள்ளத்தை வாணியம்பாடிக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். வெள்ளம் கொண்டுபோன மண்ணை அடுத்த மாதமே கொட்டிக்கொள்ளலாம். பெயர்ந்த சிமென்ட் பாளம் பத்து வருடமானாலும் அங்கேயேதான் கிடக்கும்.

மேற்கே போகப் போக ஓடைகள் குறுக்கிட்டன. இரண்டு இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கினேன். ஓர் இடத்தில் தடம் கத்திரித் தோட்டத்து வேலியில் முட்டி நின்றது. இந்தப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. தோட்டத்து அக்காவிடம் பாதை யோசனையைச் சொன்னால், "வரட்டும், எங்க பட்டா மேல வராம வந்தா சரி. ஞாயித்துக்கிழமை வந்து காய் பறிச்சிட்டுப் போவாங்களே, அதுக்கு யாரு பொறுப்பு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பொய்கையில் மேலேறினேன். சந்தை! மாடுகள், கன்றுகள், டெம்போக்கள், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த நெரிசலைக் கடக்கவே அரை மணி நேரமானது. வெளிநாட்டுப் பாதைகளில் நடை, சைக்கிள், குதிரை என்று மூன்று படம் போட்ட பலகை இருக்கும். இங்கே போட்டால் மாட்டையும் சேர்க்க வேண்டும். டி.வி.எஸ். 50-யைச் சேர்க்காமலிருக்கவும் வேண்டும், கஷ்டம் அதுதான். பாதை போட்ட மறுநாளே மோட்டார் வண்டி ஏறிவிடும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு தடுப்பு பார்த்தேன்: முழங்காலுக்குக் கீழே குறுக்கில் கிடக்கும் இரண்டு கட்டைகள். குதிரை கால் தூக்கித் தாண்டும், சைக்கிளை நாம் தூக்கிக்கொள்ளலாம், மோட்டார் சைக்கிளுக்குத்தான் பாடு.

விரிஞ்சிபுரம் சேரும்போது எட்டே முக்கால். மதிலழகுக்குப் பேர்போன கோயில், அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே மணி காட்டும் கல் ஒன்றும் உண்டு. கோடுகளின் மேல் விழும் நிழலை வைத்து நேரம் சொல்வார்கள். என் தாமதத்தை அதுவும் உறுதிசெய்தது. சாமியின் பெயர் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். பயந்து பயந்து பயணம் போன மிளகு வணிகர் ஒருவருக்குக் காவலாகக் கூடவே நடந்தார் என்பது தலபுராணம். பாதை கேட்டு மனு போட இதைவிடப் பொருத்தமான சன்னிதி தமிழ்நாட்டில் இருக்காது. போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது கருவேல முள் தன் வேலையைக் காட்டியது, பின் டயரில். பம்பு இருந்தது, ஒட்டுப் பசை காய்ந்துபோயிருந்தது. தள்ளிக்கொண்டே நடந்தேன். கோணவட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, இடப்பக்கம் வர்றோம்!"

ஒதுங்கி நின்றேன். பாய் இப்போது குதிரை மேல் இருந்தார். நிற்காமல் போய்விட்டார்.