வாடகை உதவியும் வீட்டுக்காரரின் சம்மதமும்

சேலத்துக்குத் திரும்பி வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "அமெரிக்காவில் ஏழைகளுக்கு அரசாங்கமே வாடகை கட்டுகிறதாமே, நீங்கள் அந்த வேலையைத்தான் பார்த்தீர்களாமே?" உண்மைதான். அங்கே நடுத்தர அளவிலான ஒரு நகரத்தின் வீட்டுவசதி முகமையில், வாடகை வவுச்சர், அதாவது வாடகை உதவிச் சீட்டு, வழங்கும் திட்டத்தின் நிர்வாகப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தேன். கேட்பவர்களில் பெரும்பாலோர், மத்திய அரசு பணத்தை ஒதுக்கிவிட்டால் மீதியெல்லாம் தானாக நடந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். பணம் வந்து சேர்ந்த பிறகுதான் நிர்வாகியின் வேலையே தொடங்குகிறது என்பதையும், அந்த வேலையின் பெரும்பகுதி ஏழைக் குடும்பத்தோடு அல்லாமல் வீட்டுக்காரரோடுதான் என்பதையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

1937ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் 1974இல் செய்யப்பட்ட திருத்தம்தான் இத்திட்டத்தின் வேர். அச்சட்டத்தின் எட்டாம் பிரிவில் இது இடம்பெற்றிருப்பதால் அமெரிக்கர்கள் இன்றும் இதை 'செக்ஷன் 8' என்றே அழைக்கிறார்கள். அரசே அடுக்குமாடிகளைக் கட்டி ஏழைகளைக் குடிவைப்பதற்குப் பதிலாக, குடும்பம் தனக்குப் பிடித்த தனியார் வீட்டைத் தானே தேடிக்கொள்ளட்டும், வாடகையில் ஒரு பங்கை அரசு நேரடியாக வீட்டுக்காரருக்குச் செலுத்தட்டும் என்பதே இதன் அடிப்படை. 'ஹட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை பணத்தையும் விதிகளையும் தருகிறது; நாடெங்கும் உள்ள 2,000க்கும் மேற்பட்ட உள்ளூர் முகமைகள் திட்டத்தை நடத்துகின்றன. இதனால் பயன்பெறும் குடும்பங்கள் ஏறத்தாழ 23 லட்சம். ஆனால் மத்திய அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான் ஏதாவது ஒரு வடிவில் அந்த உதவி கிடைக்கிறது. காத்திருப்போர் பட்டியலைச் சில நாட்கள் மட்டும் திறந்து, வந்து குவியும் விண்ணப்பங்களைக் குலுக்கலில் வரிசைப்படுத்திவிட்டு மூடும் நகரங்கள் பல. பட்டியலில் பெயர் வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். சில கழிவுகள் போக ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக அதில் 30 சதவீதம், அதாவது 450 டாலர், அக்குடும்பத்தின் பங்கு. அந்தப் பகுதியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு முகமை நிர்ணயித்திருக்கும் உச்ச அளவு 1,400 டாலர் என்றால், மீதி 950 டாலரை முகமை வீட்டுக்காரருக்கு அனுப்பும். மின்சாரம், எரிவாயு ஆகியவற்றுக்கான மதிப்பீடும் இந்த வாடகைக் கணக்குக்குள்ளேயே அடங்கும். 1,500 டாலர் வீடு பிடித்துப்போனால் கூடுதல் 100 டாலரைக் குடும்பம் தன் பையிலிருந்து போட்டு, மொத்தம் 550 டாலர் செலுத்திக் குடியேறலாம். 1,600 டாலர் வீடு என்றால் அதன் பங்கு 650 டாலர் ஆகிவிடும். குடியேறும்போது தன் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியால் முகமை அதை அனுமதிக்காது. அந்த உச்ச அளவும் யாரோ மனம்போனபடி வைத்ததன்று. அண்மையில் குடிமாறியவர்கள் கொடுக்கும் வாடகைகளை ஏறுவரிசையில் அடுக்கி, கீழிருந்து நூற்றுக்கு நாற்பதாம் இடத்தில் நிற்கும் வாடகையை ஹட் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் முகமை தன் அளவை வைத்துக்கொள்கிறது. வருமானம் குறைந்தால் குடும்பத்தின் பங்கும் குறையும். வேலை நேரம் குறைக்கப்பட்ட ஒரு தாய் அதே மாதத்தில் வந்து தெரிவித்தால், அவர் வீட்டை இழக்காமல் பார்த்துக்கொள்ள இந்த விதி ஒன்றே போதுமானதாக இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நிர்வாகியின் தூக்கத்தைக் கெடுப்பது வேறொரு கணக்கு. வவுச்சர் பெற்ற குடும்பத்துக்கு வீடு தேட முதலில் குறைந்தது 60 நாள் அவகாசம் உண்டு. அதை நீட்டிப்பது முகமையின் விருப்பம். தேடியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் வீடு கிடைக்கும்? நாடு தழுவிய ஆய்வுகளின்படி ஏறத்தாழ பத்தில் ஆறு குடும்பங்களுக்குத்தான். ஆகவே 20 குடும்பங்களைக் குடியேற்ற வேண்டுமானால் 33 வவுச்சர்கள் கொடுக்க வேண்டும். அந்த 33 பேருக்குமே வீடு கிடைத்துவிட்டால் ஆண்டின் இறுதியில் பணம் பற்றாது. 15 பேருக்கு மட்டும் கிடைத்தால் பணம் தேங்கும். தேங்கினால், முந்தைய ஆண்டின் செலவைப் பார்த்தே அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வருவதால், வரும் ஆண்டில் தொகை குறையும். இடையில் ஊரில் வாடகை ஏறினால், அதே பணத்தில் தாங்கக்கூடிய குடும்பங்களின் எண்ணிக்கை சுருங்கும். இந்த நூலிழைக் கணக்கை மாதாமாதம் திருத்தி எழுதுவதுதான் பொறுப்பின் பெரும்பகுதி. ஒரு முகமையின் திறமையை அது கொடுத்த வவுச்சர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கக் கூடாது, சாவி வாங்கிய குடும்பங்களின் எண்ணிக்கையைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்தில் நான்கு பேருக்கு வீடு கிடைக்காமல் போகும் காரணங்களில் முதன்மையானது வீட்டுக்காரர்களின் மறுப்பு. 2018இல் ஹட் வெளியிட்ட ஒரு ஆய்வில், வவுச்சர் என்ற பேச்சை எடுத்ததுமே மறுத்தவர்கள் ஃபோர்ட் வொர்த் நகரில் 78 சதவீதம், லாஸ் ஏஞ்சலிஸில் 76 சதவீதம். மறுப்பதைச் சட்டம் தடுத்திருந்த தலைநகர் வாஷிங்டனில் அது 15 சதவீதமாக இருந்தது. ஆனால் அதே போன்ற சட்டம் இருந்த ஃபிலடெல்ஃபியாவில் 67 சதவீதம். சட்டம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் சொல்லாது. மறுத்தவர்கள் எல்லோரும் ஈரமில்லாதவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒற்றை வீட்டை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் கடன் தவணை கட்டும் முதியவர்கள் அவர்களில் பலர். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஆய்வாளர் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதும், அதற்காக வீடு சில வாரங்கள் காலியாகக் கிடக்கும் என்பதும் அவர்களுக்கு உண்மையான நட்டம்.

அந்த வீட்டு ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டத்தின் மானம் அதில்தான் இருக்கிறது. ஆய்வாளர் அடுப்பின் எல்லாப் பர்னர்களும் எரிகின்றனவா என்று பார்ப்பார்; குழாயைத் திறந்து வெந்நீர் வரும்வரை கையை நீட்டி நிற்பார்; சன்னல் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகப் போட்டுத் திறப்பார்; புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி ஒலி வருகிறதா என்று கேட்பார். 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடியேறப்போகிறது என்றால், சுவரில் உரிந்திருக்கும் பெயின்ட்டைத் தனியாகக் குறித்துக்கொள்வார். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கும், உதிர்ந்த துகள் குழந்தையின் வாய்க்குள் போனால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். குடியிருக்கும்போது உயிருக்கு ஆபத்தான குறை தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும், மற்றவற்றை 30 நாளுக்குள்ளும் சரிசெய்ய வேண்டும். வீட்டுக்காரர் செய்யவில்லையென்றால் முகமை தன் பங்கை நிறுத்திவைக்கும். நின்றுபோன அந்தப் பங்கைக் குடித்தனக்காரரிடம் கேட்க அவருக்கு உரிமை கிடையாது. தன் செலவில் குறையைச் சொல்லிப் போராட வசதியில்லாத குடும்பத்துக்காக அரசு குறுக்கே வந்து நிற்கும் இடம் இதுதான். இத்திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது, பணத்தைவிட, இந்த ஒரு ஏற்பாட்டைத்தான்.

இதையெல்லாம் அம்மாப்பேட்டையில் மூன்று போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கும் என் பெரியம்மாவிடம் ஒரு நாள் விளக்கினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, அந்தப் பணம் தேதிக்கு வருமா? வரலைன்னா நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது?" என்றார். "மாசம் ஒண்ணாந்தேதி வாக்குல பேங்க்குல ஏறிடுங்க பெரியம்மா. கேக்கறதுக்கு ஒரு ஆளோட பேரும் போன் நம்பரும் குடுத்துருவோம்" என்றேன். "அப்ப விடலாம்" என்று முடித்துக்கொண்டார். அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் இரண்டு கேள்விகளும் இவைதாம். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த அமெரிக்க மத்திய அரசு முடக்கத்தின்போது, அதாவது நிதி ஒப்புதல் கிடைக்காமல் அரசுப் பணிகள் நின்றபோது, எங்கள் தொலைபேசிகள் ஓயவில்லை. பணம் நின்றுவிடவில்லை, ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் நாங்களே அழைத்துச் சொன்னதால்தான் அவர்கள் திட்டத்தில் தங்கினார்கள் என்று நம்புகிறேன்.

நம் ஊரில் இதற்கு மிக நெருக்கமானது, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய அமைப்பு, பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் வெளியே வாடகைக்குத் தங்குவதற்காகத் தரும் கருணைத் தொகைதான். அதை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2021இல் வந்தது. மனதார வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனால் கட்டி முடிக்க இரண்டு ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் வருகிறது. மொத்தமாகக் கையில் கிடைக்கும் அந்தத் தொகை அட்வான்ஸுக்கே போய்விடுகிறது. மாத வாடகையைத் தினக்கூலியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யவும் சொல்கிறது. ஆனாலும் வாய்ப்பேச்சில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று வாங்குவது எத்தனையோ தெருக்களில் இன்னும் தொடர்கிறது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத வீட்டுக்கு அரசு எந்தக் கணக்கில் வாடகையைச் செலுத்த முடியும்? சேலத்தில் வாடகை உதவி பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

வீட்டின் தரத்துக்கு அமெரிக்கப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. சேலத்தின் குகைப் பகுதியிலோ அம்மாப்பேட்டையிலோ வெண்பட்டு வேட்டி நெய்யும் குடும்பத்துக்கு வீடு என்பது தொழிற்கூடமும்கூட. தறிக்குழி தோண்டத் தரையில் இடம் வேண்டும். வடிவங்கள் நெய்வதற்கு மேலே ஜக்கார்டு பெட்டி வைத்த தறி என்றால் கூரை உயரமாக இருக்க வேண்டும். பாவு, அதாவது நீளவாக்கு நூல், விரிக்க வாசலில் தெரு நீளம் வேண்டும். குறுக்கு நூலைத் தாராகச் சுற்றும் அம்மாவுக்கு வெளிச்சமான ஒரு மூலை வேண்டும். இவை இல்லாத வீட்டை, படுக்கையறை எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று சொல்லி அக்குடும்பத்துக்குக் கொடுத்தால், வாடகை உதவி கொடுத்த கையோடு வருமானத்தைப் பறித்ததாகிவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசை நெருப்பில் பற்றவைத்து இணைக்கும் குடும்பங்களுக்கு நேர்மாறான தேவை: நெருப்பும் புகையும் குழந்தைகள் படுக்கும் அறையைத் தொடாதபடி காற்றோட்டமான தனி இடம். இந்த வேறுபாடுகளை ஒரு படிவத்தில் எழுதிவைக்க, அந்தத் தெருக்களில் நடந்து பழகிய ஆய்வாளர்கள்தான் வேண்டும்.

எங்கேயாவது ஒரு குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள் என்றால், தேதி குறிப்பதற்கு முன்பே சுற்றுவட்டாரத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி, யாரிடம் எந்தப் போர்ஷன் எப்போது காலியாகும் என்ற பட்டியலை எடுக்க வேண்டும் என்பது என் யோசனை. கருணைத் தொகையை மாதத் தவணையாக்கி, குடும்பத்தின் சம்மதத்தோடு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம்; அட்வான்ஸைச் சட்டத்தின் வரம்புக்குள் வைக்க ஒப்புக்கொள்பவருக்கு ஒப்பந்தப் பதிவை வாரியமே இலவசமாகச் செய்து தரலாம். மண்டல அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மேசையும், எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசியும், ஊர் தெரிந்த ஒரு அலுவலரும் போதும். பெரியம்மாவிடம் இதையும் சொல்லியிருக்கிறேன். கீழ்ப் போர்ஷன் தை மாதம் காலியாகிறது, பட்டியல் எடுக்க யாராவது வந்தால் அதை எழுதிக்கொள்ளட்டும் என்றார்.