ஆறு அங்குல ஆடி பரவளையத்துக்கு வந்துவிட்டது

தொலைநோக்கிக்காக நானே தேய்த்துவந்த ஆடி, விண்மீன் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளைய வடிவத்துக்கு ஒருவழியாக வந்துவிட்டது! எஃப்/8, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு, சுமார் 1200 மி.மீ. கார்பைடு தூளால் கண்ணாடியைப் படிப்படியாக அரைக்கும் வரிசை ஆடி செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். உயிரை எடுத்தது கடைசிக் கட்டம்.

இந்த அளவு ஆடியில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டு மேசையில் அதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பது இன்னும் எனக்குப் பிரமிப்புதான். எல்லாம் ஃபூக்கோவின் கத்திமுனைச் சோதனை. ஆடியிலிருந்து 2400 மி.மீ. தள்ளி ஒரு எல்.இ.டி. விளக்கு, பக்கத்தில் ஷேவிங் பிளேடு. திரும்பி வரும் ஒளியை பிளேடு வெட்டும்போது, கோள ஆடி முழுவதும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாக மங்கும். பரவளையத்தில் நடுப்பகுதி ஓரிடத்தில் மங்கும், விளிம்பு சற்றுப் பின்னால். விளக்கும் பிளேடும் சேர்ந்தே நகரும் மேடையில் இந்த இடைவெளி சுமார் 1.2 மி.மீ. வர வேண்டும். வந்துவிட்டது.

மின்விசிறி ஓடினால் அளவே எடுக்க முடியாது. ஒளிப்பாதையில் கையை நீட்டினால் விரல்களிலிருந்து சூடான காற்று புகைபோல எழுவதே தெரியும். என்னுடையது சாதாரணக் கண்ணாடி. சூட்டில், வெப்பம் தாங்கும் பைரெக்ஸ் கண்ணாடியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியும். அதனால் இரவில் மெருகேற்றி, நன்றாக ஆறவிட்டு, விடியற்காலையில்தான் அளவு.

மெருகேற்றப் பயன்படும் தார் போன்ற பிட்ச் விஷயத்தில் ஒரு வருத்தம். இணையத்தில் வாங்கியது குளிர்நாட்டுப் பதம். சென்னை வெயிலில் இளகி, ஆடியின் ஓரத்தைச் சரித்துக்கொண்டே இருந்தது. மெல்லிய தீயில் கூடுதல் நேரம் காய்ச்சி இறுக்கிய பிறகே ஓரம் அடங்கியது. வாங்குபவர்கள் பதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

லென்ஸ் தொலைநோக்கியே செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். லென்ஸில் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு இடத்தில் குவியும் நிறப்பிழையை அடக்க இரண்டு வகைக் கண்ணாடி, நான்கு பரப்புகள் தேவை. ஆடிக்கு ஒரே பரப்பு, நிறப்பிழையும் கிடையாது. நம் கைக்கு நியூட்டனின் ஆடித் தொலைநோக்கி வழிதான்.

ஆனாலும், இரண்டு வளைந்த ஆடிகள் கொண்ட காசிகிரெய்ன் தொலைநோக்கி மீதான ஆசை விடவில்லை. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் எஃப்/3.25 முதன்மை ஆடியின் ஒளியை, குவிந்த துணையாடி ஒன்று எஃப்/13 ஆக நீட்டித் தருகிறது. குட்டையான குழாய்க்குள் எவ்வளவு நீண்ட குவியம்! சிக்கல் என்னவென்றால், குவிந்த பரப்பு ஒளியை ஒரு புள்ளியில் குவிக்காமல் விரித்துவிடும். கத்திமுனையை நேரடியாக வைக்க இடமில்லை. அதற்கு வேறொரு சோதனைக் கோள ஆடி செய்ய வேண்டும். கண்ணாடி வட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.

அப்புறம், இந்த ஆடிக்கு அலுமினியப் பூச்சு இன்னும் பாக்கி. சிறிய ஆடிகளை வாங்கிப் பூசித் தருபவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.