24 வோல்ட்டில் பாதி எங்கே போகிறது: பழைய ராணுவ லாரியும் ஸ்டார்ட்டிங் கோளாறும்

பழைய ராணுவ லாரி செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பழி முதலில் பேட்டரி மேல்தான் விழும். புது ஜோடி வாங்கி மாட்டுவார்கள், வண்டியும் உறுமிக்கொண்டு எடுத்துவிடும். சில மாதங்களில் அதே சீக்கு திரும்ப வரும். அழுக்கேறிய கேபிளையும் துருவேறிய எர்த்தையும் புது பேட்டரி தன் பலத்தால் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். பலம் கொஞ்சம் குறைந்ததும் பழைய தடை தலைகாட்டும்.

எம்35ஏ2 (அமெரிக்க ராணுவத்தின் பழைய டீசல் லாரி) மாதிரி லாரிகளில் 24 வோல்ட் என்பது வரிசையாக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். இரண்டையும் சேர்த்து அளந்து, "24 காட்டுது, பேட்டரி ஓகே" என்று மூடிவிடுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு ஆரம்பம். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.7 வரை காட்டும், ஜோடி 25.2க்கு மேல் நிற்க வேண்டும். 24.0 என்பது ஆளுக்கு 12.0, அதாவது கால்வாசிச் சார்ஜ்தான் மிச்சம். அதைவிட மோசம், ஒன்று 12.7, இன்னொன்று 11.3 என்று இருந்தாலும் கூட்டினால் அதே 24 வரும். அந்த 11.3இல் ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம். எனவே மல்டிமீட்டரை ஒவ்வொரு பேட்டரியின் போஸ்ட்டிலும் (கேபிள் மாட்டும் ஈயக் குமிழ்) தனித்தனியாக வைத்துப் படிக்க வேண்டும். சற்றுமுன் சார்ஜில் இருந்த பேட்டரி பொய்யாக அதிகம் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, சில நிமிடம் விட்டு அளந்தால் உண்மை தெரியும்.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரை, அதாவது உள்ளிருக்கும் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவியை, எடுங்கள். மல்டிமீட்டர் சொல்லாததை அது சொல்லும். நிறைந்த செல்லில் அடர்த்தி 1.265 முதல் 1.280 வரை இருக்கும். 1.220க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். ஆறு செல்களில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் 0.050 தாண்டினால் அந்த பேட்டரி இனி தேறாது, எத்தனை மணி நேரம் சார்ஜில் போட்டாலும் சரி. தட்டுகள் வெளியே தெரியும் அளவுக்கு நீர் குறைந்திருந்தால் முதலில் தட்டு மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் விட்டு, சார்ஜ் முடிந்த பிறகு குறித்த மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வெளியே வழியும். நீர் விட்ட கையோடு அளந்தாலும் ஹைட்ரோமீட்டர் தப்பாகக் காட்டும். சார்ஜ் முடிந்து நன்றாகக் கலந்த பிறகுதான் அந்த எண்ணை நம்பலாம்.

பேட்டரி தேறியது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பட்டனை அழுத்தும்போது என்ன சத்தம் வருகிறது என்று காதைக் கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் சுவிட்ச், பட்டன் அல்லது சாலினாய்டுக்குப் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) போகும் சிறிய ஒயரில் கோளாறு. கடகடவென்று தொடர்ந்து அடித்தால் மின்னழுத்தம் சரிகிறது, பேட்டரி தாங்கவில்லை அல்லது கிளாம்ப் லூஸ். ஒரே ஒரு "டக்", அதோடு அமைதி என்றால் சாலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் சேரவில்லை. அல்லது மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டது, அல்லது இன்ஜினே சிக்கியிருக்கிறது. மோட்டார் சும்மா சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டரின் பல்சக்கரமான பினியன், இன்ஜினின் ரிங் கியரில் மாட்டவில்லை. இன்ஜினை கிராங்க் போல்ட்டில் கையால் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்க்காமல் ஸ்டார்ட்டரை இறக்காதீர்கள். அது மிகக் கனமான சாமான், இறக்கி ஏற்றுவது அரை நாள் வேலை.

"டக்" கேட்கும் வண்டியில்தான் வோல்ட்டேஜ் டிராப் சோதனை பொன்னான வேலை செய்யும். இந்த டீசலில் இன்ஜின் ஸ்டாப் கைப்பிடியை வெளியே இழுத்துப் பிடித்தால் எரிபொருள் போகாது, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் கிராங்க் மட்டும் ஆகும், அதாவது ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சும்மா சுற்றும். கியர் நியூட்ரலில், சக்கரத்துக்கு அடை. மீட்டரின் சிவப்பு முனையை, ஸ்டார்ட்டர் கேபிள் கிளம்பும் பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்ட்டிலேயே, கிளாம்ப் மேல் அல்ல, ஈயப் போஸ்ட்டின் தலையில் குத்த வேண்டும். கறுப்பு முனை ஸ்டார்ட்டரின் தடித்த ஸ்டட்டில். இன்னொருவர் பட்டனை அழுத்தட்டும். மீட்டர் காட்டுவது அந்த வழியில் வீணாகும் வோல்ட். நல்ல வழியில் அரை வோல்ட்டுக்குள் இருக்கும். அதற்கு மேல் போனால் கேபிளை ஒவ்வொரு முடிச்சாக நகர்ந்து அளந்துகொண்டே வந்தால் குற்றவாளி மாட்டுவான். இதே சோதனையை எர்த் பக்கமும் செய்ய வேண்டும், எர்த் கேபிள் மாட்டிய நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து ஸ்டார்ட்டரின் உடல்வரை. பலர் மறந்துவிடும் மூன்றாவது இடம், இரண்டு பேட்டரியையும் இணைக்கும் குட்டிக் கேபிள். ஒன்றின் பாசிட்டிவ் போஸ்ட்டுக்கும் மற்றதன் நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். நீளம் குறைவு என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

இவ்வளவு கறார் ஏன்? கிராங்கில் 300 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 0.01 ஓம் தடை மட்டும் இருந்தாலே 3 வோல்ட் அங்கே காணாமல் போகும். அந்த மூட்டில் 900 வாட் வெப்பம் பிறக்கிறது. பத்து விநாடி கிராங்க் செய்துவிட்டுக் கிளாம்ப்பைத் தொட்டால் சுடும் (கவனமாகத் தொடவும்). மீட்டர் இல்லாத இடத்தில் சுடும் மூட்டைத் தேடியே பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

எர்த் விஷயத்தில் ராணுவ வண்டிகளுக்கென்று ஒரு வியாதி உண்டு: பெயின்ட். இந்த வண்டிகள் வாழ்நாளில் பலமுறை முழுதாக வண்ணம் பூசப்பட்டவை. சேஸிஸில் எர்த் லக் (கேபிள் முனையின் உலோகக் கண்) உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறியிருக்கும், அதன் மேல் லக்கை வைத்து முடுக்கியிருப்பார்கள். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போகும், விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் எடுக்காது. லக்கைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸோ வாசலினோ பூசுங்கள். பூச்சு இரண்டு உலோகத்துக்கும் நடுவே போகக்கூடாது. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் விட்டுவிடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை போனால் ஸ்டார்ட்டர் கரண்ட் திரும்பிவர வேறு நல்ல வழி இல்லை.

கேபிளின் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. லக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி ரப்பர் உப்பியிருந்தால், அல்லது வளைக்கும்போது நறநறத்தால், உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். அதைச் சுத்தம் பண்ண முடியாது, மாற்றத்தான் வேண்டும். எம்35ஏ2இல் பேட்டரிப் பெட்டி ஏறும் படிப் பக்கத்தில், சக்கரம் தெறிக்கும் சேறு எட்டும் இடத்தில் இருப்பதால் அங்கே இது சீக்கிரம் வரும். ஒயர்களில் எண் பொறித்த தகட்டுப் பட்டைகள் இருக்கும். அவற்றைப் பிய்த்து எறிந்துவிட்டு "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்று நம்புகிறவர்கள் பின்னால் வருகிறவருக்குச் செய்யும் துரோகம் கொஞ்சநஞ்சமல்ல.

சார்ஜிங் பக்கம் வருவோம். ஓடும்போது ஜோடியின் மேல் 27.5 முதல் 28.5 வோல்ட் இருக்க வேண்டும். பழைய வகைகளில் 25 ஆம்பியர் டைனமோ இருக்கும், பிந்தையவற்றில் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். டைனமோ வண்டி ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது, அதைக் கோளாறாக எண்ணிப் பிரிக்க வேண்டாம், ஆர்.பி.எம். ஏற்றிவிட்டு அளக்கவும். டாஷ்போர்டில் இருக்கும் நிறப்பட்டை பேட்டரி மீட்டர் ஒரு எச்சரிக்கைக்குத்தான் உதவும், நோயறிய அல்ல.

ஒரு ஸ்டார்ட்டுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 300 ஆம்பியர் 10 விநாடி ஓடினால் 0.83 ஆம்பியர்-ஹவர், அவ்வளவுதான். ஆக, பேட்டரியைக் காலி செய்வது ஸ்டார்ட் அல்ல, நிற்கும்போது நடக்கும் கசிவு. சாவியில்லாத லாரி இது. நெம்பு சுவிட்சை அணைக்க மறந்தால் டேங்க்குக்குள் இருக்கும் மின்பம்ப்பும் மீட்டர்களும் இரவெல்லாம் ஓடும். 3 ஆம்பியர் இழுத்தாலும் 12 மணி நேரத்தில் 36 ஆம்பியர்-ஹவர் போய்விடும். இறங்கும் முன் பம்ப்பின் ரீங்காரம் நின்றதா என்று கேட்டுவிட்டு இறங்குவது நல்ல பழக்கம். எல்லாம் அணைத்த பின்னும் பேட்டரி இறங்கினால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி அதன் நடுவில் அம்மீட்டரை வையுங்கள். 50 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடினால் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். இந்த வண்டிகளில் ஃபியூஸுக்குப் பதில் தானே மீண்டும் ஒட்டும் சர்க்யூட் பிரேக்கர்கள் இருப்பதால், ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் போல எதுவும் எரிந்து அறுந்துபோகாது. விளக்கு மட்டும் மினுக்கி மினுக்கி வரும்.

ஜோடியைக் கொல்லும் வேலை ஒன்று இருக்கிறது, நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவது. ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ 12 வோல்ட் வேண்டுமென்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பார்கள். அந்த பேட்டரி தினமும் கொஞ்சம் அதிகமாகக் காலியாகும். சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கோ 28 என்ற மொத்த எண் மட்டுமே தெரியும். நிறைந்தது 15 வோல்ட் வாங்கிக் கொதிக்கும், காலியானது 13இல் பட்டினி கிடந்து சல்பேட் பிடிக்கும். ஒரே நுகத்தில் நல்ல மாடும் நொண்டி மாடும் பூட்டியது போல, கடைசியில் இரண்டும் படுக்கும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். ஒரு பேட்டரி போனாலும் மாற்றும்போது ஒரே மேக், ஒரே அளவு, ஒரே வயதுள்ள ஜோடியாகவே மாற்றுங்கள். பழையதில் நல்லதாக நின்றதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மற்ற வண்டியிலிருந்து ஜம்ப் கொடுப்பதானால் 24 வோல்ட் வண்டி மட்டுமே. 12 வோல்ட் காரை ஜோடியின் இரு முனையில் மாட்டினால் அதன் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும். ஸ்லேவ் சாக்கெட் (ராணுவ வண்டிகளில் ஜம்ப் கேபிள் செருகவென்றே இருக்கும் சாக்கெட்) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கிளாம்ப் போட நேர்ந்தால் கடைசி எர்த் கிளாம்ப் பேட்டரியில் வேண்டாம், தள்ளியிருக்கும் சேஸிஸ் இரும்பில் போடவும். சார்ஜாகும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்கும், ஒரு பொறி போதும் வெடிக்க. கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். மோதிரமும் கடிகாரமும் பாக்கெட்டில். கிராங்க் ஒரு தடவைக்கு 15 விநாடி, மிஞ்சினால் 30. பிறகு இரண்டு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிடவும்.

நன்றாக, வேகமாக கிராங்க் ஆகியும் எடுக்கவில்லையா? ஸ்டாப் கைப்பிடி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டீசல் பக்கம் போங்கள். கைப்பிடியின் கேபிள் இறுகி, இன்ஜினின் டீசல் பம்ப்பிலுள்ள நெம்பு பாதி வழியில் நிற்பது இந்த வண்டிகளில் சகஜம்.