கத்திரியில் நின்ற ஏசி

மே 5, ஞாயிறு

அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது, துவாக்குடி டோலுக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஏசி நின்றுவிட்டது. மணி இரண்டு. சுவிட்சில் விளக்கு எரிகிறது, காற்றும் வருகிறது, ஆனால் அத்தனையும் அனல். ஏசி போட்டதும் பானட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்கவில்லை. அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, போன கோடையில் மயங்கி விழுந்தவர். துண்டை நனைத்துத் தலையில் போட்டு, திருச்சி வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். அடுத்த ஞாயிறும் போகவேண்டும்.

மே 6, திங்கள்

காலை ஆறரைக்கு ஸ்டார்ட் செய்து ஏசி போட்டால் 'டக்'. ஐந்து நிமிடத்தில் ஜில்லென்று ஆகிவிட்டது. ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மாலை நாலு மணிக்கு ஆபீஸ் விட்டு வரும் வழியில் திரும்பவும் நின்றது. ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் (கரண்டைத் திறந்து மூடும் சின்னப் பெட்டிகள்) இந்த வண்டியில் ஒரே மாதிரி, இடம் மாற்றிப் பார்த்தேன். ஹாரன் அடிக்கிறது, ஏசி வரவில்லை. ரிலே மேல் பழி இல்லை.

மே 7, செவ்வாய்

ஏசி கடைக்குக் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்த இரண்டு நிமிடத்தில், "கேஸ் முடிஞ்சு போச்சு சார்" என்றார்கள். வால்வைத் திறந்ததும் 'புஸ்' என்று நெடுநேரம் சத்தம். இரண்டரை மணிநேரம் காத்திருந்து, புது கேஸ் நிரப்பி, 2,400 ரூபாய் கொடுத்துக் குளிரக் குளிர வீட்டுக்கு வந்தேன்.

மே 8, புதன்

மதியம் ஒரு மணிக்கு மறுபடி நின்றது. கடைக்குப் போன் செய்தால், "அப்போ கம்ப்ரஸர்தான் சார், 22 ஆயிரம் ஆகும்" என்கிறார்கள். ஏசி கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் பம்ப்தான் கம்ப்ரஸர்.

ராத்திரி தூக்கம் வராமல் அந்த 'புஸ்' சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடிந்துபோன கேஸ் எப்படி அவ்வளவு நேரம் சீறும்? ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் அதேதான் சுற்றிச் சுற்றி வருகிறது. கசிந்தால்தான் குறையும், கசிந்தால் காலையிலும் குளிராது. நல்ல கேஸைத்தான் வெளியே விட்டிருக்கிறார்கள். இந்த 134ஏ கேஸ், எடைக்கு எடை, கரியமிலவாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். பணம் போனதைவிட இதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றும் புரிந்தது. நேற்று ஏசியைச் சரிசெய்தது புது கேஸ் இல்லை. வண்டி கடையில் நின்ற இரண்டரை மணிநேரத்தில் இஞ்சின் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மே 10, வெள்ளி

அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் பாயிடம் நேற்றே சொல்லியிருந்தேன். "காலையில வந்தா ஓடும், நான் என்னத்தைப் பார்க்கிறது? ஜும்மா முடிச்சு வர்றேன். அதுக்கு முன்னாடி அரை மணிநேரம் ஓட்டிச் சூடாக்கி வைங்க தம்பி" என்றார். கோளாறு வரும் நேரத்தில்தான் கோளாறைத் தேட வேண்டும் என்பது அந்தக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டரைக்கு வந்தார். இஞ்சின் ஓட, ஏசி சுவிட்சைப் போட்டுவிட்டு, கம்ப்ரஸருக்குப் போகும் ஒற்றை வயரில் மீட்டரை வைத்தார். 13.6 வோல்ட். "சரி, கரண்டு இங்க வரைக்கும் வந்துடுச்சு" என்றார். அந்த ஒரே அளவில் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், பிரஷர் சென்சார் எல்லாம் தப்பித்துவிட்டன. கேஸ் குறைந்திருந்தால் சென்சாரே கரண்டை நிறுத்தியிருக்கும்.

அப்புறம் ஒரு நீளமான மரக்குச்சியால், சுற்றும் பெல்ட்டில் படாமல், கம்ப்ரஸரின் முன்தட்டை லேசாகத் தள்ளினார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. குளிர் வந்தது. (அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். ஓடும் இஞ்சினில் நாம் இதைச் செய்யக் கூடாது.)

பெல்ட் சுற்றும் புல்லிக்கும் கம்ப்ரஸரைச் சுழற்றும் தட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. கரண்டு வந்தால் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) காந்தமாகித் தட்டை இழுத்துப் புல்லியோடு சேர்க்கும். வருடக்கணக்கில் உரசித் தேய்ந்தால் இடைவெளி அகலும். "சூடு ஏறினா காயிலுக்குத் தெம்பு குறையும் தம்பி, எட்டிப் பிடிக்க முடியாது." இஞ்சினை நிறுத்தி உடனே காயிலின் தடையை அளந்தார்: 4.5 ஓம்.

மே 11, சனி

இஞ்சின் ஆறியிருக்கும்போது, காலையில், காயில் 3.6 ஓம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளிரில் கிட்டத்தட்ட 3.8 ஆம்பியர் ஓடுகிறது, சூட்டில் 3 ஆம்பியர்தான். செம்புக் கம்பி சூடாகச் சூடாகத் தடை கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது என் வண்டிக்குள்ளேயே நடக்கிறது. உடனே பாயிடம் காட்டினேன். "அதைத்தான் தெம்புன்னேன்" என்றார்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தோம். இந்த வண்டிக்கு இடைவெளி 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இருந்தது 0.9. நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை இழுத்தால், அதன் பின்னால் இரண்டு மெல்லிய வாஷர்கள். பாதி மில்லிமீட்டர் கனமுள்ள ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினோம். மூன்று இடத்தில் அளந்தோம், எல்லா இடத்திலும் 0.4. மொத்தமே முக்கால் மணிநேர வேலை. கேஸ் குழாய் எதையும் தொடவில்லை.

பாய் 500 ரூபாய் கேட்டார். நான் கூடக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

மே 12, ஞாயிறு

வேண்டுமென்றே மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்பினேன். துவாக்குடி டோலில் வரிசை நீண்டிருந்தது, பத்து நிமிடம் நின்றோம். ஏசியை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். இரண்டு முறையும் 'டக்'. வல்லம் தாண்டியதும் அம்மா, "காத்தைக் கொஞ்சம் குறைடா, கால் விறைக்குது" என்றார்.

எடுத்த வாஷரைச் சின்னக் கவரில் போட்டு சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டி, தேதியும் அளவும் எழுதி வைத்திருக்கிறேன். தட்டு இன்னும் தேயும். மிச்சமிருக்கும் மெல்லிய வாஷரையும் எடுத்தபிறகு, தட்டும் புல்லியும் காயிலும் சேர்ந்த ஏசி கிளட்சைத்தான் மாற்ற வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார்.