ஞாயிறு காலை, எர்லாங்

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு காலைகளில் எர்லாங் என்ற நிரல்மொழியையும் அதோடு வரும் நூலகத் தொகுப்பான ஓடிபியையும் (வங்கி அனுப்பும் ஓடிபி இல்லை!) சேர்ந்து படிக்கலாம் என்று நாலு பேர் முடிவு செய்திருக்கிறோம். எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்து, 1998இல் திறமூலமான சரக்கு. என்னை இழுத்தது அதன் சூப்பர்வைசர்தான், அதாவது மற்ற புராசஸ்களை (தனித்தனியாக ஓடும் சிறு வேலைகளை) மேலிருந்து கண்காணிக்கும் புராசஸ். ஒரு புராசஸ் விழுந்தால் விழட்டும், மேலே இருப்பவர் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடுவார். புராசஸ்கள் நினைவகத்தைப் பங்கு போடாமல் செய்தி அனுப்பியே பேசிக்கொள்ளும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு எல்லாம் உறைந்து நிற்பது) தேடியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முதல் வாரம் வெறும் ஸ்பான், செண்ட், ரிசீவ் (புராசஸைக் கிளப்புவது, செய்தி அனுப்புவது, வாங்குவது). ஜென்சர்வர் (சர்வர் எழுத ஓடிபி தரும் ஆயத்த அச்சு) அப்புறம்தான், போன தடவை அதிலேயே தொடங்கி, பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். எலிக்ஸிர் மொழி ஆட்களும் வரலாம், அடியில் ஓடுவது அதே பீம் மெய்நிகர் இயந்திரம்தானே. லேப்டாப் கட்டாயம். காபி என் பொறுப்பு, வடையை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.